மணியடித்த கால்

1

டெப்போவில் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கோடையோடு எங்கள் வழித்தடத்தில் டிராம் நின்றுவிடும். மறுநாள் காலையிலிருந்து அதே எண்ணைப் போட்டுக்கொண்டு பஸ் ஓடும். டிராம் ஓட்டுநர்கள் பஸ் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கலாம். கீழே கையெழுத்து, அதன்மேல் முத்திரை. இந்த ஊரில் மழைகூட முத்திரை குத்திக்கொண்டுதான் இறங்கும்.

படித்துவிட்டுக் காப்பி குடித்தேன். சர்க்கரை போடவில்லை என்பதைக் கடைசி வாயில்தான் கவனித்தேன்.

நான் ஹாம்பர்க் நகரத்தில் டிராம் ஓட்டுகிறேன். ஊரில் இதைச் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஜெர்மனி என்றால் வண்டியெல்லாம் வானத்தில் பறக்கும் என்று அவர்களுக்கு நினைப்பு. "இன்னாபா இது, மெட்ராஸ்லயே அத எப்பவோ பேத்து எட்த்துட்டானுங்க. அங்க இன்னும் ஓட்டிகினு கீறானுங்களா?" என்று செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் பழைய சிநேகிதன் ஒருவன் கேட்டான். அவன் இனி நிம்மதியாக இருக்கலாம். இங்கேயும் பெயர்க்கப்போகிறார்கள்.

காரணமும் அங்கே சொன்னதேதான். தெருவில் கார் பெருகிவிட்டது. தண்டவாளம் நட்டநடுவில் கிடந்து இடைஞ்சல் செய்கிறது. பஸ் என்றால் வளைந்து ஒதுங்கிப் போகும், மேலே மின்கம்பி வேண்டாம், கீழே இரும்பு வேண்டாம். இப்படிச் சொல்லிச் சொல்லியே பாயிலிருந்து கோரையை உருவுவதுபோல் ஒவ்வொரு வழித்தடமாக உருவிவிட்டார்கள். மிச்சமிருந்த சிலவற்றில் எங்களுடையது ஒன்று.

எங்கள் குடும்பம் பார்க்கும் இரண்டாவது டிராம் சாவு இது. என் நைனா சவரிமுத்து மெட்ராஸில் டிராம் ஓட்டியவர். நான் பத்து வயதுப் பையனாக இருந்தபோது அந்த டிராம் நின்றது. அதற்குப் பிறகு அவரும் ஒரு பஸ் பரீட்சைக்குப் போனார். தேறவில்லை. அவர் தேறாததால் எங்களுக்கு என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியும். ஆகவே அறிவிப்பின் அடியில் பெயர் எழுதும்போது கை நடுங்கியிருக்க வேண்டும். நடுங்கவில்லை. குளிரில் மரத்துப்போன விரலால் எழுதுவதுபோல எழுதிவிட்டு வந்துவிட்டேன்.

2

நான் இந்த நாட்டுக்கு வந்தது பிலோமினாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. என் மனைவி நர்ஸ். மிஷன் ஆஸ்பத்திரியில் படித்தவள், கன்னியாஸ்திரிகள் அவளை இங்கே வேலைக்கு அனுப்பினார்கள். பின்னாலேயே வந்த எனக்கு முதல் சில வருடங்கள் வேலை செய்ய அனுமதி கிடையாது. சமைத்தேன், பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன். எங்கள் சேரித் தெரு ஆண்கள் கேட்டால் சிரிப்பார்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. பிறகு டிராம் பாதை பிரியும் இடங்களில் தண்டவாள இடுக்கில் சேரும் மண்ணையும் சருகையும் தோண்டி எடுக்கும் வேலை கிடைத்தது. அதிலிருந்து படிப்படியாக ஓட்டுநர் ஆனேன்.

இந்த வருடம் பிலோமினாவின் ஆஸ்பத்திரி கையை விரித்துவிட்டது. இப்போது தங்கள் நாட்டுப் பெண்களே போதுமான அளவு இருக்கிறார்களாம். வருடக் கடைசியில் முடியும் ஒப்பந்தத்தை நீட்டமாட்டார்களாம். மரியாதையாகத்தான் சொன்னார்கள். பூங்கொத்துகூடத் தருவார்கள் என்று நினைக்கிறேன். ஆகவே நாங்கள் மூன்று பேரும் இங்கே இருப்பதா இல்லையா என்பது இப்போது என் வேலையைப் பொறுத்தது.

வெளிநாட்டார் அலுவலகத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் என் கோப்பைப் புரட்டினார்.

"தொழில்?"

"டிராம் ஓட்டுநர்."

"அந்தத் தொழில் கோடையோடு முடிகிறது. அதற்குப் பிறகு நீங்கள் யார்?"

நம் ஊரில் சாமியார்கள் குகையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. இங்கே காலை எட்டு மணிக்குக் கேட்கிறார்கள். "பஸ் ஓட்டுநர்" என்றேன்.

"ஆகிவிட்டீர்களா?"

"ஆகப்போகிறேன்."

"ஆன பிறகு வாருங்கள். ஆகாவிட்டாலும் வாருங்கள். ஊர் திரும்பும் ஏற்பாட்டைப் பேசலாம்."

அவர் மேல் தப்பில்லை, பேனாகூட இரவல் கொடுத்தார். நன்றி சொல்ல வாயைத் திறந்து "வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் பதற்றத்தில் இந்த மொழி பெட்டி மாறித்தான் கைக்கு வருகிறது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். இரவுப் பணி முடிந்து வந்த பிலோமினா வீங்கின காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தாள். "பாஸ் ஆனா நல்லது. ஆவலன்னாலும் நல்லதுதான். ஏதோ ஒண்ணு தெரிஞ்சா போதுங்க" என்றாள். என் மகள் ரெஜினாவுக்கு ஒன்பது வயது, பிறந்ததே இங்கே. "நான் வரமாட்டேன்" என்று ஜெர்மனில் சொன்னாள். சத்தம் போடவில்லை. எனக்குப் பால் வேண்டாம் என்று சொல்வதுபோல் சொன்னாள்.

உனக்கு என்ன வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது.

3

நைனா பிறந்தது படாளத்துக்குப் பக்கத்தில். எங்கள் ஆட்களுக்கு அங்கே கால் வைக்க நிலம் கிடையாது. தாத்தா, அவர் அப்பா எல்லோரும் ஒரே ஆண்டை வீட்டுக்குப் படியாள்கள். நைனாவை மட்டும் மாதா கோயில் சாமியார் ஒருவர் மெட்ராஸுக்கு அனுப்பினார். டிராம் ஷெட்டில் வண்டி கழுவப் போனவர், காக்கிச் சட்டையும் தொப்பியும் போட்டு வண்டி ஓட்டுகிறவர் ஆனார். படாளத்து ஆட்கள் அதைப் பார்ப்பதற்காகவே மெட்ராஸ் வந்து, வேண்டாத தூரத்துக்கு டிக்கெட் வாங்கி அவர் வண்டியில் போயிருக்கிறார்கள்.

டிராம் ஓட்டுவதைப் பற்றி இதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். நாள் முழுவதும் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். இடது கை வேகத்துக்கு, வலது கை பிரேக்குக்கு, வலது கால் மணிக்கு. தரையில் ஒரு கட்டை இருக்கும், அதை மிதித்தால் கணகணவென்று அடிக்கும். தண்டவாளத்தை விட்டு வண்டிக்கு ஒதுங்கத் தெரியாது. குறுக்கே வருகிறவன்தான் ஒதுங்க வேண்டும். ஆகவே யாராவது எதிரே தெரிந்தால், கை பிரேக்குக்குப் போகும் முன்னே கால் மணிக்குப் போய்விடும்.

ஒருநாள் ஆண்டையே ஏதோ வழக்கு விஷயமாக மெட்ராஸ் வந்து நடுத்தெருவில் நின்றிருக்கிறார். நைனா மணியடித்தார். ஆண்டை ஒதுங்கினார். ஓட்டுகிறவன் யார் என்று ஆண்டை பார்த்தாரா என்பது தெரியாது. நைனா பார்த்தார். எங்கள் வீட்டில் பண்டிகைக்குப் பண்டிகை அந்தக் கதை வரும்.

அந்தக் கால் வேலை நேரத்தில் மட்டும் அடங்கியிருக்கவில்லை. மார்க்கெட்டில் கூட்டம் வழியை மறித்தால் நைனா வெறும் தரையை மிதிப்பார். மாதா தேர்த் திருவிழாவில் செபமாலை உருட்டிக்கொண்டே மிதித்தார். அம்மா அவர் கால்மாட்டில் தலை வைத்துப் படுக்கமாட்டாள்.

பிறகு ஒருநாள் இடைஞ்சல், நஷ்டம் என்று சொல்லி ஷெட்டின் கதவைச் சாத்தினார்கள். மெட்ராஸில் பஸ் வேலைக்கு வரிசை பெரிது. நாங்கள் செங்கல்பட்டுக்கு வந்து அத்தை வீட்டில் ஒண்டிக்கொண்டோம். அங்கிருந்து மாமல்லபுரத்துக்குப் பஸ் விட்டிருந்த ஒரு முதலாளிக்கு டிரைவர் தேவைப்பட்டது. தெரிந்தவர் லாரியில் சில வாரம் பழகி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு, ஒரு காலை நைனா துவைத்த காக்கிச் சட்டையோடு பரீட்சைக்குப் போனார். சாயங்காலம் நடந்து வந்தார். அவர்மேல் மீன் வாசம் அடித்தது. அம்மாவிடம் இரண்டு மீனைக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தார். அடுத்த வாரம் படாளத்துக்குப் போய் அதே ஆண்டை வீட்டு வாசலில் வேலை கேட்டு நின்றார். "மணியடிச்சு முடிச்சாச்சா?" என்று ஆண்டை கேட்டாராம். அப்படியானால் மெட்ராஸ் தெருவில் அவரும் பார்த்திருக்கிறார்.

மேலே நான் படித்ததெல்லாம் கோயில் போர்டிங்கில், அவர்கள் போட்ட சோற்றில். அன்றைக்கு அந்தப் பரீட்சையில் என்ன நடந்தது என்று நைனா சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

4

அம்மாவின் ஆண்டுத் திருப்பலிக்காகத் தை மாதம் நான் மட்டும் ஊருக்குப் போனேன். நைனா இப்போது செங்கல்பட்டில் கோயிலுக்குப் பின்னால், நாங்கள் வாங்கிக் கொடுத்த சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். பூசை முடிந்த மறுநாள், "மாபலிபுரம் போய் கருவாடு வாங்கியாரலாம், வாடா" என்றார்.

இப்போது அந்த வழியில் சர்க்கார் பஸ். நைனா டிரைவருக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்தை நீட்டி டிரைவரின் காலைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் டெப்போ அறிவிப்பைச் சொன்னேன், பரீட்சையைச் சொன்னேன், தேறாவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான் என்பதையும் சொன்னேன். அவர் 'உம்' கொட்டினார். திருக்கழுக்குன்றம் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டிப் புளியமரங்கள் வரும் இடத்தில் எழுந்து நின்றார்.

"வண்டிய நிறுத்துப்பா."

"பெர்சு, இங்க ஸ்டாப்பிங் இல்ல" என்றார் கண்டக்டர்.

"தெரியும். நிறுத்து."

பஸ் எங்களை இறக்கிவிட்டுப் போனது. ரோட்டில் யாரும் இல்லை. ஏரியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. நைனா நடு ரோட்டுக்குப் போய் நின்றார்.

"இங்கதான்டா."

"இன்னா நைனா?"

"அன்னிக்கி நான் டெஸ்ட்டுக்குப் போனன் இல்ல? மொதலாளி பக்கத்துல குந்தினு கீறாரு. செங்கல்பட்டுலேர்ந்து இது வரிக்கும் ஜம்முனு வந்துட்டேன். ஸ்டேரிங்கு, கியரு, ஒண்ணும் தப்பு இல்ல. அவுரு வெத்தல மட்ச்சி என் கைல குட்க்கறாரு. எனுக்குடா! அந்த நேரம் பார்த்து எதுர்ல மீன்காரம்மா ஒர்த்தி. தலைல கூடை. நடு ரோட்டுல வந்துகினு கீறா. பார்த்தேன். கால் மிதிச்சிடுச்சி."

"பிரேக்கையா?"

"மணிய."

பஸ்ஸில் அந்த இடத்தில் மணி கிடையாது. வலது காலுக்குக் கீழே இருப்பது ஆக்ஸிலேட்டர். வண்டி சீறிக்கொண்டு பாய்ந்தது. அவள் இன்னும் ஒதுங்கவில்லையே என்று நைனா மறுபடியும் ஓங்கி மிதித்திருக்கிறார். முதலாளி எட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்டேரிங்கை ஒடித்தார். அந்த அம்மாள் கூடையை விட்டுவிட்டு ஏரிப் பள்ளத்தில் விழுந்தாள்.

"அய்யய்யோ. அடி பட்டுச்சா?"

"அடியாவது. எய்ந்து வந்து வாயத் தொறந்தா பாரு. 'டேய் கய்தே, ஆள் வர்றது தெர்ல? கண்ண இன்னா வூட்லயே கய்ட்டி வெச்சிட்டு வந்தியா?'ன்னா. மொதலாளி ஒண்ணும் திட்டல. மீனுக்குக் காசு குட்த்தாரு. என்ன எறங்குன்னாரு. வண்டிய அவுரே ஓட்டினு போய்ட்டாரு."

"நீ?"

"நானும் அவளும் குந்திகினு மீன் பொறுக்கினோம். மண்ணத் தட்டித் தட்டிக் கூடைல போட்டோம். திட்டிகினேதான் பொறுக்கினா. கடசில அவளே ரெண்டு மீனு எட்த்துக் குட்த்தா. கொயந்தைங்க கீதா, எட்த்துனு போன்னு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் காலைப் பார்த்தார். செருப்பில்லாத, விரல் அகன்ற கால்.

"மணியடிச்சா மன்சன் ஒதுங்கிடுவான்டா. அதான் எனுக்குத் தெரிஞ்சது. ஆண்டையே ஒதுங்கலையா? ஆனா அது பஸ்சு. அதுல நாமதான் ஒதுங்கணும். கைக்கிப் புரிஞ்சிது. காலுக்குப் புரியல." பிறகு என் தோளைப் பிடித்து அழுத்தினார். "நீ எம்மாதிரி ஆய்டாத அருளு. எப்டினா பாஸ் ஆய்டு. இங்க ஒண்ணும் இல்ல. இன்னா கீது இங்க?"

அடுத்த பஸ் பிடித்து மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு ஜெர்மன் தம்பதி வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் மொழியில் பதில் சொன்னேன். அந்த அம்மாள் ஆச்சரியத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இன்னாடா கேட்டாங்க?"

"கக்கூஸ் எங்க கீதுன்னு."

"சொல்லிட்டியா?"

"சவுக்குத் தோப்பக் காட்டிட்டேன்."

கருவாட்டைப் பொட்டலம் கட்டி என் பெட்டியில் வைத்து அனுப்பினார். ஹாம்பர்க் விமான நிலையத்தில் ஒரு சுங்க அதிகாரி அதை மோந்து பார்த்துவிட்டு, இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டார். அதற்கும் ரசீது கொடுத்தார்.

5

என் காலும் அந்தக் கால்தான் என்பது பயிற்சியில் தெரிந்தது. எங்கள் பழைய வண்டிகளிலும் மணி காலுக்குத்தான். பயிற்சியாளர் பீட்டர்சனின் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. முதல் வாரத்தில் ஒரு நாய்க்கும் ஒரு தபால்காரருக்கும் நான் மணியடித்தேன். இரண்டு முறையும் பீட்டர்சன்தான் வண்டியை நிறுத்தினார். "மிஸ்டர் அருளப்பன், ஹாரன் கையில் இருக்கிறது" என்றார். தெரியும் என்றேன். தெரிந்து என்ன செய்ய?

ரெஜினா என்னை "பாப்பா" என்று கூப்பிடுவாள். அவள் மொழியில் அது அப்பா. நம்மிடம் குழந்தை. முதலில் சிரிப்பாக இருந்தது. இப்போது அழைத்தவுடன் "என்ன?" என்கிறேன். அவள்தான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். சமையலறைத் தரையில் சாக்கட்டியால் இரண்டு கட்டம் வரைந்தாள். இடது கட்டம் பிரேக், வலது ஆக்ஸிலேட்டர். இங்கத்திய பஸ்ஸில் கியர் தானே மாறிக்கொள்ளும், இரண்டே மிதிதான். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஸ்டேரிங்காகக் கொடுத்தாள். அவள் பொம்மை வண்டியைத் தள்ளிக்கொண்டு அலமாரிக்குப் பின்னாலிருந்து திடீரென்று வருவாள்.

முதல் நாள் என் கால் வலது கட்டத்தை ஓங்கி மிதித்தது. "நான் செத்துட்டேன்" என்று கத்திவிட்டு அவள் தரையில் சாய்ந்து, நாக்கை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். பிலோமினா சிரித்தாள். நான் தட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ரெஜினா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"பாப்பா, நான் சாகலை. விளையாட்டு."

"தெரியும்மா."

"அப்ப ஏன் அப்படிப் பாக்கறே?"

தட்டை நேராகப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு முறை என்றாள்.

வசந்த காலம் முழுவதும் இதுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன் பையைப் போட்டுவிட்டு அலமாரிக்குப் பின்னால் போய்விடுவாள். எத்தனை முறை செத்தாள் என்று கணக்கில்லை. தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க உட்காரவைத்தால் பத்து நிமிடம் தாங்கமாட்டாள். இதற்கு மட்டும் அலுக்கவே இல்லை. கோபப்படாமல், என் முழங்காலைப் பிடித்து இடது கட்டத்துக்கு நகர்த்தி, "இங்கே, இங்கே" என்று சொல்லிக்கொடுத்தாள். கடைசியில் கால் தானாகவே இடப்பக்கம் போகத் தொடங்கியது. அவள் கைதட்டினாள்.

என் மகளோடு நான் அவ்வளவு நேரம் சேர்ந்திருந்தது அதற்கு முன் கிடையாது. அவள் அவ்வளவு பாடுபட்டது என் ஊருக்கு வராமல் இருப்பதற்காக. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தினமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

6

கொல்வதில் இரண்டு விதம் உண்டு. மெட்ராஸில் கதவைச் சாத்தினார்கள். இங்கே பாண்டு வாசித்தார்கள்.

கடைசி நாள் வண்டிக்குப் பூமாலை போட்டிருந்தது. நம் ஊர்க் கல்யாணக் கார் மாதிரி இருந்தது. வாசலில் தொங்கிக்கொண்டு கூட்டம் ஏறியது. பெரிய மனிதர்கள், கோட்டு போட்டவர்கள், பையிலிருந்து திருப்புளியை எடுத்து ஞாபகத்துக்கு என்று பலகைகளைக் கழற்றினார்கள். சாம்பல் கிண்ணம் போயிற்று, கைப்பிடி வார் போயிற்று. எனக்கு முன்னால் இருந்த எண் பலகையையும் ஒருவர் கேட்டார். ஓடுகிறது ஐயா, டெப்போ போய்ச் சேரட்டும் என்றேன்.

ஒரு கிழவி அழுதுகொண்டே என் கையில் பூ கொடுத்தார். அந்த வண்டியில்தான் அவர் வேலைக்குப் போனாராம், அதில்தான் புருஷனைப் பார்த்தாராம். "உங்களுக்கு வருத்தமாக இல்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்று மரியாதைக்குச் சொன்னேன். உண்மையில் ஒன்றும் தோன்றவில்லை. மிதிகட்டையில் கால் வைத்தேன். மணி அடித்தது. கூட்டம் ஆரவாரம் செய்துகொண்டே ஒதுங்கியது.

மறுநாள் அதே எண்ணில் பஸ் போனது. தண்டவாளத்தைப் பிடுங்கக்கூட இல்லை. மேலே தாரை ஊற்றிக்கொண்டு வந்தார்கள். என் பரீட்சை அடுத்த வாரம் என்பதால் அதுவரை டெப்போவில் பஸ் கழுவினேன். நைனா தொடங்கியதும் வண்டி கழுவித்தான்.

7

பரீட்சை அன்று தூறல். என் பக்கத்தில் பீட்டர்சன், பின்னால் அட்டையில் காகிதம் செருகிக்கொண்டு பரீட்சை அதிகாரி. திருப்பம், நிறுத்தம், மேடு எல்லாம் சரியாக வந்தது. யாரும் எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கவில்லை, நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

ரொட்டிக் கடைக்கு எதிரே நின்றிருந்த வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் தள்ளுவண்டியோடு ரோட்டில் இறங்கினாள். குடை அவள் முகத்தை மறைத்திருந்தது. தள்ளுவண்டிக்குள் குழந்தை இருந்தது.

என் கால் மேலே எழும்பியது. அது எங்கே இறங்கப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அடுத்தவன் காலைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடப்பக்கம் இறங்கியது.

பஸ் குலுங்கி நின்றது. அதிகாரியின் அட்டை கீழே விழுந்தது. அந்தப் பெண் குடையை உயர்த்திப் பார்த்து, தலையசைத்துவிட்டுப் போனாள். பீட்டர்சனின் கால் அவருடைய பிரேக்குக்கு மேலே அந்தரத்தில் நின்றது. மிதிக்கவில்லை. "கொஞ்சம் அழுத்தம் அதிகம்" என்றார் அதிகாரி, அட்டையை எடுத்துக்கொண்டே. "ஆனால் சரி."

தேறிவிட்டேன். அந்த வாரமே வெளிநாட்டார் அலுவலகத்தில் மூக்குக்கண்ணாடி அம்மாள் மூன்று பாஸ்போர்ட்டிலும் முத்திரை குத்தினார். இந்த முறை "நன்றி" சரியாக வந்தது. வீட்டுக்கு வந்து காட்டினேன். பிலோமினா தன்னுடையதை வாங்கிப் பார்த்து, மூடி, பீரோவில் வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமேல் நாம் அங்கே போக வேண்டாம், இல்லையா?"

"வேண்டாம்."

"கடவுளுக்கு நன்றி" என்றாள், பெரியவர்கள் சொல்வதுபோல. பிறகு ஈரத் துணியை எடுத்து வந்து, சமையலறைத் தரையில் இருந்த இரண்டு கட்டத்தையும் துடைத்துவிட்டாள்.

8

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் செங்கல்பட்டுக் கோயில் அறையில் இருக்கும் போனுக்கு டிரங்க் கால் பதிவு செய்திருந்தேன். பாதிரியார் நைனாவைப் பக்கத்திலேயே உட்காரவைத்திருந்தார். கடலுக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் கேட்டது. மூன்று நிமிடம்தான் பேச முடியும்.

"நைனா, பாஸ் ஆயிட்டேன்."

"இன்னாது?"

"பாஸ்! பாஸ் ஆயிட்டேன்!"

"பாசா!" என்று கத்தினார். அங்கே யாரிடமோ "பாஸாம், பாஸாம்" என்று சொல்வது கேட்டது. "குறுக்க யாருனா வந்தாங்களா?"

"வந்தாங்க. கொயந்த வண்டி."

"கால்?"

"பிரேக்குக்குப் போச்சி."

"போதும்டா. அது போதும்" என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, ஏதோ கடை விஷயம் பேசுவதுபோல் கேட்டார். "சர்ரா, அப்ப அந்தச் செங்கல்லக் குட்த்துடட்டுமா?"

"எந்தச் செங்கல்லு?"

"வூட்டுக்குப் பின்னால ஒரு லோடு எறக்கி வெச்சிகீறேன். நீ தையில வந்துட்டுப் போனப்பறம் எறக்கனது. ஒருவேள பாஸ் ஆவலன்னா வந்துடுவீங்களே, கொயந்த வேற கீது, இந்த ஒத்த ரூம்புல எப்டி படுக்கறது? அதான் ஒரு ரூம்பு எயுப்பலாம்னு கடகால் கூட தோண்டிட்டேன். ஸ்கூல் காம்பவுண்டுக்கு செங்கல்லு பத்தலன்னு ஃபாதர் கேட்டுகினே கீறாரு. உன்கிட்ட கேட்டுட்டுக் குடுக்கறேன்னு சொல்லி வெச்சேன்."

அறுபது தாண்டிய மனிதர், தனியாளாக, கடப்பாறையைப் பிடித்துக்கொண்டு.

"நீதான நைனா எப்டினா பாஸ் ஆவணும்னு சொன்ன?"

"ஆமா. பாஸ் ஆவணும்னு கோயில்ல தெனம் மெய்குவத்தி கொளுத்தினேன்" என்றார். "செங்கல்லு செங்கல்லுதான், அது பாட்டுக்கு அது கெடந்துது. இன்னா சொல்ற, குட்த்துடட்டுமா?"

"குடுத்துடு நைனா" என்றேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. லைன் அறுந்துவிட்டது.

ரிசீவரை வைத்த பிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. இத்தனை மாதம் எங்கேயோ போயிருந்ததெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அழுதேன். பிலோமினா ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள்.

"இன்னாங்க, மாமா இன்னா சொன்னாரு?"

"ரொம்ப சந்தோஷப்பட்டாரு" என்றேன்.